உச்சந்தலையில் ஊதாத் திட்டு: மூளைக் கட்டி இருந்த பெரியவருக்கு ஆஞ்சியோசார்க்கோமா வந்தால்

ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அப்பாவுக்கு வயது 78. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூளையை மூடியிருக்கும் உறையில் மெனிஞ்சியோமா கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, எடுக்க முடியாமல் விட்ட பகுதிக்கு ஆறு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தார்கள். இப்போது உச்சந்தலையில், பழைய தையல் தழும்புக்குக் கொஞ்சம் தள்ளி, ஊதா நிறத்தில் ஒரு திட்டு. முதலில் ரத்தக்கட்டு என்றார்கள். அப்புறம் படை என்று களிம்பு கொடுத்தார்கள். சில மாதங்களில் அது விரிந்து ரத்தம் கசிய ஆரம்பித்ததும் பயாப்ஸி எடுத்தார்கள். ஆஞ்சியோசார்க்கோமா என்ற புற்றுநோய் என்று வந்திருக்கிறது. மூளைக் கட்டிதான் வெளியே வந்துவிட்டதா? கரண்ட் வைத்ததால் வந்ததா? இந்த வயதில் சிகிச்சையைத் தாங்குவாரா? அவரிடம் சொல்லலாமா?

ஸ்லைடு பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நோய்க்குறியியல் மருத்துவன் நான். முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். மூளைக் கட்டி வெளியே வரவில்லை. இது வேறு நோய். மெனிஞ்சியோமா சில சமயம் மண்டை எலும்பை அரித்துக்கொண்டு வெளிப்பக்கம் வருவது உண்டு. ஆனால் அப்படி வந்தால் தோலுக்கு அடியில் கல் மாதிரி ஒரு புடைப்பாகத் தெரியும். தோலிலேயே ஊதாத் திட்டாகப் படராது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. மெனிஞ்சியோமாவில் செல்கள் சுழி சுழியாகச் சுருண்டு கிடக்கும். ஆஞ்சியோசார்க்கோமா, ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் செல்களிலிருந்து பிறப்பது. ஸ்லைடில் தோலின் நடு அடுக்கு முழுக்க ஒழுங்கில்லாத சந்துகள் ஓடும். ஒரு சந்து இன்னொன்றில் போய்த் திறக்கும். உள்ளே சிவப்பணுக்கள் தேங்கி நிற்கும். சந்தின் ஓரத்துச் செல்கள், ஒழுங்காகப் படிந்திருக்க வேண்டியவை, கறுத்துப் பருத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணால் பார்ப்பதோடு விடாமல் சிடி31 (CD31), இஆர்ஜி (ERG) என்ற சாயச் சோதனைகளையும் செய்வார்கள். ரத்தக் குழாய்ச் செல்தான் என்று அவை காட்டிக்கொடுக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால், மெழுகில் பதித்து வைத்த அந்தத் திசுக் கட்டையை, பிளாக் என்பார்கள், கேட்டு வாங்கி ஒரு பெரிய புற்றுநோய் மையத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தர மறுக்கக் கூடாது.

தாமதமானதற்கு யாரையும் திட்ட வேண்டாம். இந்த நோய் உலகம் முழுக்கத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில், எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தக் குழாய் போன்றவற்றில் பிறக்கும் சார்க்கோமா வகை மொத்தமுமே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். அதிலும் மென்திசு சார்க்கோமாக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டும்தான் ஆஞ்சியோசார்க்கோமா. ஒரு தோல் டாக்டர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, அரிப்பு இருக்காது. கன்றிப்போன தோல் மாதிரியே இருக்கும்.

மூளைக் கட்டிக்காரர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. அவர் தலையில் ஊதாத் திட்டு தெரிந்தால் அதற்கு ஆயத்தமாக ஏழெட்டுக் காரணங்கள் இருக்கும். நடை தடுமாறி எங்கோ இடித்துக்கொண்டிருப்பார். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் தோல் மெலிந்து, தொட்டாலே கன்றும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுத்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம். இதயத்துக்கு ஆஸ்பிரின் போய்க்கொண்டிருக்கும். பழைய தையல் இருக்கிறது, கரண்ட் பட்ட தோல் இருக்கிறது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், அதுதான் வம்பு. புதிதாக ஒன்று முளைக்கும்போது பழைய நோயே அதற்கும் பதில் சொல்லிவிடுகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அடிபட்ட ரத்தக்கட்டு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிட வேண்டும். கரையாமல் நிற்கிறது, ஓரம் விரிகிறது, நடுவில் மொட்டு கிளம்புகிறது என்றால் அது ரத்தக்கட்டு இல்லை. தோல் டாக்டர்கள் செய்யும் ஒரு எளிய சோதனை உண்டு. நோயாளியைப் படுக்க வைத்துத் தலையை இதயத்தைவிடத் தாழ்வாகச் சில விநாடிகள் வைத்தால் திட்டு ரத்தம் நிறைந்து இன்னும் அடர்ந்த ஊதாவாகப் புடைக்கும். ஆனால் மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். தலைக்குள் அழுத்தம் ஏறும். பயாப்ஸி எடுத்தால் தெரிந்துவிடப் போகிறது.

கரண்ட் வைத்ததால் வந்ததா என்பது நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வந்திருக்கலாம். கதிர்வீச்சே பல வருஷம் கழித்து சார்க்கோமாவை உண்டாக்கும் என்பது பழைய விஷயம். 1948ல் கேஹன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், கதிர்வீச்சு பட்ட எலும்பில் சார்க்கோமா வந்த 11 பேரைப் பற்றி எழுதினார்கள். புதுக் கட்டி கதிர்வீச்சு பட்ட இடத்திலேயே வர வேண்டும், நடுவில் பல வருஷ இடைவெளி இருக்க வேண்டும், பழைய கட்டியிலிருந்து வேறு ஜாதியாக இருக்க வேண்டும் என்று அவர்கள் வைத்த அளவுகோலைத்தான் கொஞ்சம் மாற்றி இன்றைக்கும் பயன்படுத்துகிறோம். உங்கள் அப்பா விஷயத்தில் கடைசி இரண்டும் பொருந்துகின்றன. முதலாவதைத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்து ரேடியோதெரபி திட்ட அறிக்கை வேண்டும். தினமும் போய் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார் என்றால் மெனிஞ்சியோமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 54 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவாக இருக்கலாம். கதிர் உள்ளே போன பாதையில் இருந்த தோல் ஓரளவு வாங்கியிருக்கும். காமா நைஃப் மாதிரி ஒரே நாள் சிகிச்சை என்றால், நூற்றுக்கணக்கான மெல்லிய கதிர்கள் பல திசைகளிலிருந்து போய் உள்ளே ஒரு புள்ளியில் சேர்வதால் தோல் எந்த இடத்திலும் அதிகம் வாங்கியிருக்காது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூளைக் கட்டியும் கரண்டும் எதுவுமே இல்லாத முதியவர்களுக்குத்தான் இந்த நோய் பெரும்பாலும் உச்சந்தலையில் வருகிறது. அறுபது, எழுபது தாண்டிய ஆண்கள், அதிலும் வழுக்கைத் தலை. வெயிலுக்கு இதில் பங்கு உண்டு என்ற சந்தேகம் வெகுநாளாக இருந்தது. 2020ல் அமெரிக்காவில் நோயாளிகளே முன்வந்து தங்கள் திசுக்களைக் கொடுத்த ஆஞ்சியோசார்க்கோமா திட்டத்தின் முடிவு வெளியானது. 47 கட்டிகளின் மரபணுக்களைப் படித்துப் பார்த்ததில், தலை, முகம், கழுத்தில் வந்தவற்றில் புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. ஆக உங்கள் அப்பாவுக்குக் காரணம் பழைய கரண்டா, எழுபது வருஷ வெயிலா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்வது கடினம். கதிர்வீச்சால் வந்தவற்றில் மிக் (MYC) என்ற மரபணு பெருகியிருப்பது அடிக்கடி காணப்படும், அதற்குச் சோதனை உண்டு. ஆனால் அதன் முடிவால் சிகிச்சை பெரிதாக மாறப்போவதில்லை. காசு குறைவாக இருந்தால் அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அந்தக் கட்டிக்கு அன்றைக்குக் கரண்ட் வைத்தது சரியான முடிவுதான். ஒன்பது வருஷம் அதனால் கிடைத்தது. பலருக்கு இதே சிகிச்சை கொடுத்தால் மிக மிகச் சிலருக்கு இப்படி ஆகிறது.

கதிர்வீச்சும் தலையும் மூளைக் கட்டியும் எதிர்த்திசையில் சந்தித்த ஒரு வரலாறும் உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன். 1940, 50களில் இஸ்ரேலுக்குக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தலையில் படை வந்தால் எக்ஸ்ரே கதிர் வைத்து முடியை உதிர்த்துக் குணப்படுத்துவது வழக்கம். அந்தக் காலத்துக்கு அதுதான் நவீன சிகிச்சை. அப்படி வைத்துக்கொண்ட 10,834 பேரைப் பின்தொடர்ந்து 1988ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்கு மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்பது மடங்குக்கு மேல் இருந்தது. அதே குழுவினரிடம் பின்னர் நடந்த ஆய்வில் உச்சந்தலைத் தோல் புற்றுநோயும் கூடியிருந்தது. சிறுவயதில் கதிர் பட்ட ஒருவருக்கு ஐம்பது வருஷம் கழித்து இரண்டுமே வரலாம். அதனால்தான் வயதான நோயாளியிடம் "சின்ன வயசுல தலைக்கு ஏதாவது கரண்ட் வச்சாங்களா" என்று கேட்பது நல்ல டாக்டரின் பழக்கம்.

சரி, இந்த நோய் எப்படி நடந்துகொள்ளும்? கெட்ட செய்தியை மறைக்கப் போவதில்லை. லண்டனிலிருந்து 1987ல் வந்த, முகத்திலும் தலையிலும் இந்த நோய் வந்த 72 பேரின் கணக்கில், ஐந்து வருஷம் தாண்டியவர்கள் 12 சதவீதம். பாதிப் பேர் 15 மாதத்துக்குள் போய்விட்டார்கள். அதன் பிறகு சிகிச்சைகள் முன்னேறி எண்கள் கொஞ்சம் உயர்ந்திருக்கின்றன. இருந்தாலும் இது இன்னும் வேகமான புற்றுநோய்தான். திட்டு 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது பிடித்தால் நிலைமை கொஞ்சம் மேல். கண்ணுக்குத் தெரியும் ஓரத்துக்கு அப்பாலும் செல்கள் தோலுக்குள் ஊர்ந்து போயிருக்கும். வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் நோய் இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் நாலு விரற்கடை தள்ளி இன்னொரு திட்டு கிளம்புவது இதில் சகஜம்.

பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். அங்கே மெல்லிய சுவர் கொண்ட காற்றுக் குமிழிகளாக உட்கார்ந்து, ஒன்று வெடித்தால் நுரையீரல் சுருங்கிவிடும். திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால் வாயு என்று ஓமவாட்டர் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் தலையில் ஆஞ்சியோசார்க்கோமா இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இதனால்தான் சிகிச்சை தொடங்குமுன் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் அவசியம். தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தால் திட்டின் ஆழமும், எலும்பைத் தொட்டிருக்கிறதா என்பதும், பழைய மெனிஞ்சியோமா இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஒரே படத்தில் தெரிந்துவிடும். நோய் உடலில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் சிடி ஸ்கேன் வசதி இருந்தால் நல்லது.

இனி சிகிச்சை. அப்பாவுக்கு எது பொருந்தும் என்பது அவருடைய பழைய கதையைப் பொறுத்தது. பாடப்புத்தகத்தில் இருப்பது அப்படியே அவருக்குப் பொருந்தாது.

பரவாத, சின்னத் திட்டு என்றால் அறுவை சிகிச்சையும் அதன்பின் கரண்டும் சேர்த்துத்தான் வழக்கம். அறுவை என்றால் அகலமாக எடுத்து, தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ தோல் எடுத்து மூட வேண்டியிருக்கும். பழைய ஆபரேஷனில் மண்டை எலும்பைத் திறந்து மூடிய இடமும், கரண்ட் பட்டு ரத்த ஓட்டம் குறைந்த தோலும் அருகில் இருந்தால் புண் ஆறுவது சந்தேகம். எலும்பைத் திரும்ப வைக்காமல் பிளேட் வைத்திருந்தால் அது வெளியே தெரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. எனவே பழைய ஆபரேஷன் குறிப்பு இல்லாமல் எந்த சர்ஜனையும் முடிவு சொல்லச் சொல்லாதீர்கள்.

கரண்ட் என்றால் உச்சந்தலை முழுவதற்குமே கொடுப்பார்கள், திட்டுக்கு மட்டும் கொடுத்தால் ஓரத்தில் மறுபடி வரும். எலக்ட்ரான் கதிரோ, தலையைச் சுற்றி வந்து கதிர் கொடுக்கும் நவீன முறையோ, மூளைக்கு முடிந்தவரை குறைவாகப் போகும்படி திட்டமிடலாம். ஆனால் அப்பாவின் மூளை ஏற்கெனவே ஒரு தவணை வாங்கியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் எவ்வளவு வருகிறது என்று ரேடியேஷன் டாக்டரும் இயற்பியலாளரும் உட்கார்ந்து கணக்குப் போட்டாக வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஃபைலைத் தேடி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். இன்றைக்கே அந்த மருத்துவமனையின் ரெக்கார்டு அறைக்கு எழுதிக் கொடுங்கள். இதற்கு நாட்கள் ஓடிவிடும்.

கீமோவில் இந்த நோய்க்கு முதலில் கையில் எடுக்கும் மருந்து பாக்லிடாக்ஸல். தலை, முக ஆஞ்சியோசார்க்கோமாவில் இதன் குணத்தை முதலில் எடுத்துக்காட்டியது 1999ல் வந்த ஒரு சின்ன அறிக்கை. ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குக் கட்டி சுருங்கியது. பின்னர் பிரான்சில் 30 பேரிடம் வாராவாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2008ல் முடிவு வந்தது. இரண்டு மாத முடிவில் 74 சதவீதம் பேருக்கும் நான்கு மாத முடிவில் 45 சதவீதம் பேருக்கும் நோய் முன்னேறாமல் நின்றது. அதாவது கேட்கும், சில வாரங்களிலேயே ஊதா நிறம் வெளிறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் பலருக்கு அந்தப் பலன் நீடிப்பதில்லை. பழைய மருந்து என்பதால் விலை கட்டுப்படியாகும், முதியவர்களும் வாராந்திரச் சின்ன டோஸை ஓரளவு தாங்குவார்கள். கை கால் மரத்துப்போவது இதன் முக்கியத் தொல்லை. ஏற்கெனவே நடை தள்ளாடும் ஒருவருக்குப் பாதம் மரத்தால் விழுவார். விழுந்தால் தலை. ஒவ்வொரு வாரமும் "செருப்பு கழன்றால் தெரிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா" என்று கேளுங்கள்.

இங்கே யாரும் கவனிக்காமல் விடும் ஒன்று வலிப்பு மாத்திரை. அப்பா ஃபெனிட்டாயினோ கார்பமாசெபினோ சாப்பிடுகிறார் என்றால், அவை கல்லீரலைத் தூண்டி பாக்லிடாக்ஸலை வேகமாக வெளியேற்றிவிடும். கீமோ ஏற்றியும் பாதி வீண். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரையில் அந்தச் சிக்கல் இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும், அதனால் நரம்பு டாக்டரிடம் கேட்டு மெதுவாக மாற்றச் சொல்லுங்கள். கீமோ கொடுக்கும் டாக்டருக்கும் நரம்பு டாக்டருக்கும் நடுவில் போய் வருபவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். மாத்திரைப் பட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், சீட்டைவிட அது நம்பகமானது.

உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி பற்றியும் யாராவது சொல்வார்கள். வெயிலின் தழும்பு உள்ள கட்டிகளில் மரபணு மாற்றங்கள் ஏராளம் என்பதால் உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அவை எளிதாக அடையாளம் தெரியும். முன்னே சொன்ன 2020 ஆய்விலேயே அப்படி மருந்து எடுத்த இரண்டு பேருக்கு அசாதாரணமான பலன் கிடைத்திருந்தது. அடுத்த வருஷம் வந்த, இரண்டு இம்யூனோ மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஒரு சோதனையில் 16 பேரில் நால்வருக்குக் கட்டி சுருங்கியது. தலை, முகத் தோலில் நோய் இருந்த ஐந்து பேரை மட்டும் எடுத்தால் மூன்று பேருக்கு. எண்ணிக்கை மிகச் சிறியது, மருந்தோ லட்சக்கணக்கில் இழுக்கும். நிலத்தை விற்று முதல் மருந்தாக இதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பாக்லிடாக்ஸல் கைவிட்ட பிறகு, காப்பீடோ மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டமோ கிடைத்தால் யோசிக்கலாம். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் ஒரு நாளைக்கு 4 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தால் அது 25 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டுக்குச் சமம். அவ்வளவு ஸ்டீராய்டு உடலில் இருக்கும்போது இம்யூனோ மருந்தின் வேலை மங்கும். ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா என்று நரம்பு டாக்டர் சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டும்.

அப்படியானால் என் தேர்வு என்ன? மெனிஞ்சியோமா அமைதியாக இருக்கிறது, அப்பா நடமாடுகிறார், தானே சாப்பிடுகிறார் என்றால் வயதைக் காரணம் காட்டிக் கைவிட மாட்டேன். ஸ்கேன்களை முடித்து, வாராந்திர பாக்லிடாக்ஸலில் தொடங்கி, கேட்கிறதா என்று பார்த்து, அதன்பின் கரண்டுக்கு இடம் இருக்கிறதா என்று கணக்குப் போடச் சொல்வேன். பெரிய அறுவை எனக்குக் கடைசி. இனி அவருடைய நாட்களைத் தீர்மானிக்கப்போவது தலைத்தோலில் இருக்கும் நோய், மூளைக் கட்டி இல்லை. ஆனால் அப்பாவைப் பார்க்கும் ஒவ்வொரு டாக்டரும் பழக்கத்தில் மூளை ஸ்கேனையே முதலில் விரிப்பார்கள். அவர் படுக்கையோடு இருக்கிறார், ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் என் பதில் வேறு. கட்டு போடுவதும் ரத்தத்தை நிறுத்துவதும் வலியைத் தணிப்பதுமே அப்போது சிகிச்சை. ரத்தக் கசிவுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடியும் சிறிய கரண்டும் உண்டு. சார்க்கோமாவுக்கெனத் தனிக் குழு இருக்கும் இடத்தில் ஒரு தரம் காட்டுவது நல்லது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ வேலூர் சிஎம்சியோ மாதிரி இடத்தில் எல்லாத் துறையினரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி எழுதிக் கொடுப்பார்கள். திட்டம் கையில் வந்துவிட்டால் வாராந்திர கீமோவை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம். 78 வயதில் வாராவாரம் பஸ்ஸில் ராத்திரிப் பயணம் வேண்டாம்.

வீட்டில் புண்ணைப் பார்த்துக்கொள்வது உங்கள் கையில். தலைத்தோலில் ரத்தக் குழாய்கள் அறுந்தால் சுருங்காமல் வாய் திறந்தே நிற்கும், அதனால் சின்னக் கசிவும் பயமுறுத்தும். சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒட்டாத வகை டிரெஸ்ஸிங் கேட்டு வாங்குங்கள். சாதாரண காஸ் காய்ந்து ஒட்டி, பிரிக்கும்போது மறுபடி ரத்தம் வரும். ஒட்டிக்கொண்டால் உப்பு நீரில் ஊறவைத்து எடுங்கள். வாடை வந்தால் மெட்ரோனிடசோல் ஜெல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், பேரன் பேத்திகள் பக்கத்தில் வர அது பெரிய உதவி. தலையணைக்கு அடர் நிற உறை போடுங்கள், கறை அவர் கண்ணில் படாது. எண்ணெய் வைத்துத் தேய்ப்பது, சீப்பால் வாருவது, பச்சிலை அரைத்துப் பற்றுப் போடுவது எதுவும் வேண்டாம். நோய் முற்றினால் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புக் கவனிப்புத் தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து வையுங்கள்.

கடைசிக் கேள்வி, அப்பாவிடம் சொல்லலாமா என்பது. சொல்லுங்கள். மூளைக் கட்டியை ஒன்பது வருஷம் சுமந்தவர், ஆஸ்பத்திரி வராந்தாவின் பாஷை அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தலைமாட்டில் நீங்கள் கிசுகிசுப்பதைப் பார்த்து, பழைய கட்டி திரும்பிவிட்டது, மறுபடி மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இது தோலில் வந்த வேறு நோய், கெட்ட நோய்தான், மருந்து உண்டு, எவ்வளவு கேட்கும் என்று பார்க்க வேண்டும் என்ற அளவில் தொடங்குங்கள். மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஆனால் கீமோவைத் தொடங்குமுன் அவரிடமே கேட்டுவிட வேண்டியது ஒன்று உண்டு: பலன் இல்லை என்று தெரிந்தால் எந்தக் கட்டத்தில் நிறுத்தலாம், கடைசியில் வீட்டில் இருக்க விரும்புகிறாரா, ஆஸ்பத்திரியிலா. மூளைக் கட்டியும் இருப்பதால் அவர் தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய காலம் குறுகிவிடலாம். இந்த வாரமே கேளுங்கள், அண்ணன் தம்பிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.